ஒரே பேப்பர், இரண்டு ஆசிரியர், கொஞ்சம் ஆன்லைன்: எங்கே தொடங்குவது?

கோபி பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் காமர்ஸ் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வருகிற செமஸ்டரில் ‘தொழிற்சூழல்’ பேப்பரை அவரும் அவருடைய துறைத் தலைவரான ஹெச்.ஓ.டி.யும் சேர்ந்து எடுக்க வேண்டுமாம். வாரம் 5 ஹவர். அதில் ஒரு பகுதியை ஆன்லைனுக்குக் கொண்டுபோகச் சொல்லி பிரின்சிபால் உத்தரவு. வீடியோ எடுப்பதா, யூனிட்டைப் பங்கு போட்டுக்கொள்வதா, மலை மேலிருந்து வரும் பிள்ளைகளுக்கு சிக்னல் கிடையாதே அவர்களை என்ன செய்வது, வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு எடுக்கிறோம் என்கிற ஒர்க்லோடை எப்படிக் கணக்குக் காட்டுவது என்று நான்கு கேள்வி. தயங்கித் தயங்கி ஐந்தாவதாக ஒன்றும் கேட்டிருக்கிறார்: ஹெச்.ஓ.டி. சொல்வது தப்பென்று வகுப்பிலேயே தோன்றினால் நான் என்னங்க செய்யட்டும்?

நான் ஈரோடு, கோவை மாவட்டக் கல்லூரிகளில் 28 வருஷமாக வேதியியல் எடுக்கிறவன். கூட்டாகப் பாடம் எடுக்கும் வேலையை மூன்று முறை செய்து பார்த்திருக்கிறேன். முதல் முறை சுத்தமாகக் கெட்டுப்போனது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், உங்களுக்கு நிறைய நேரம் மிச்சமாகும்.

அப்போது நான் இருந்த கல்லூரிக்கு, கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் குழு வரப்போகிறது என்று ஒரே பரபரப்பு. ஃபார்மில் ‘டீம் டீச்சிங்’ என்று ஒரு கட்டம் இருந்தது, அது காலியாக இருக்கக் கூடாது. எல்லா டிகிரிக்கும் கட்டாயமாக இருக்கிற சுற்றுச்சூழல் பேப்பரை எனக்கும் பொருளாதாரத் துறை மேடம் ஒருவருக்கும் சேர்த்துப் போட்டார்கள். முதல் இரண்டரை யூனிட் எனக்கு, மீதி அவருக்கு. ஆகஸ்ட் கடைசியில் என் பங்கை முடித்து சாக்பீஸை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் போய் ‘மாசு’ என்று போர்டில் எழுதியதும் பின் பெஞ்சிலிருந்து குரல்: “மேடம், இது அந்த சார் எடுத்தாச்சுங்க.” நான் எடுத்தது மாசின் ரசாயனம், அவர் எடுக்கப் போனது மாசின் செலவு. இரண்டும் எங்கே பிரிகிறது, எங்கே சேருகிறது என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கே தெரியாது, நாங்கள் ஒருநாளும் உட்கார்ந்து பேசவே இல்லையே. இரண்டு பேரும் ஒரே மேடையில் நின்றது ஒரே ஒரு நாள்தான், ஃபைலுக்கு போட்டோ எடுக்க.

கீழ்பவானி வாய்க்கால் பாசனம் உங்களுக்குத் தெரியாததில்லை. ஒற்றைப்படை மதகுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுக்கு அடுத்த போகம். 1,03,500 ஏக்கருக்கு இந்த முறை, மற்றதற்கு அடுத்த முறை. தண்ணீரைப் பங்கிட அருமையான ஏற்பாடு. ஆனால் இந்த மதகுக்காரர் என்ன விதைத்தார் என்று அந்த மதகுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே அதில் இல்லை. நம் கல்லூரிகளில் கூட்டுக் கற்பித்தல் என்று நடப்பதில் பெரும்பங்கு இந்த முறைத் தண்ணீர்தான். யூனிட்டைப் பிரித்துக்கொள்வது வசதி, அதைத் தப்பென்று சொல்ல வரவில்லை. அதற்கு இரண்டு ஆசிரியர் தேவையில்லை, அவ்வளவுதான். ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் பார்த்துக்கொள்கிற ஏற்பாட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே அறையில் நிற்கிற ஹவர் ஒன்றாவது வாரத்தில் இருக்க வேண்டும். அந்த ஹவரில் என்ன நடக்கும் என்பதை இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்திருக்க வேண்டும். கேள்வித்தாளை இரண்டு பேரும் சேர்ந்து எழுத வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் யூனிட்டை எப்படிப் பிரித்தாலும் பரவாயில்லை.

உடனே ஒர்க்லோடு இடிக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் நேரடியாக வகுப்பில் நிற்க வேண்டும், இணைப் பேராசிரியரும் பேராசிரியரும் 14. இரண்டு பேர் ஒரே ஹவரில் நின்றால் யார் கணக்கில் எழுதுவது? “ஆளுக்கு அரை ஹவர்” என்பார்கள் அலுவலகத்தில். நானும் இரண்டு செமஸ்டர் இதே சண்டை போட்டுப் பார்த்தேன், வேலைக்கு ஆகவில்லை. வழி கிடைத்தது ஆன்லைன் பக்கத்திலிருந்து.

உங்கள் பேப்பரையே எடுத்துக்கொள்ளுங்க. வாரம் 5 ஹவர். அதில் ஒன்றை ஆன்லைனுக்குக் கொடுத்துவிடுங்க, அந்த நேரத்தில் யாரும் நின்று பாடம் எடுக்கப் போவதில்லை. மீதி 4. அதில் மூன்றை ஆளுக்கொரு பக்கமாகத் தனித்தனியே எடுங்க. ஒன்றை மட்டும் சேர்ந்து எடுங்க. தனி ஹவர் 3, கூட்டு ஹவர் ஆள் கணக்கில் 2, ஆக மொத்தம் 5. கல்லூரிக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை, உங்களுக்கும் ஒர்க்லோடு குறையவில்லை. ஆன்லைனுக்குப் போன ஹவர்தான் இரண்டாவது ஆசிரியருக்குக் கூலி கொடுக்கிறது. ஆன்லைனும் நேர் வகுப்பும் கலந்த கலப்புக் கற்றலையும் கூட்டுக் கற்பித்தலையும் தனித்தனியாகச் செய்யப் போனால் இரண்டுமே சுமை. சேர்த்துச் செய்தால் ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்கிறது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி பிரின்சிபாலிடம் காட்டுங்க, வாய்ச்சொல்லாகப் போக வேண்டாம்.

ஐந்தில் ஒன்று என்பது 20 சதவீதம். 2021 மே மாதம் யூ.ஜி.சி. கலப்புக் கற்றல் பற்றி வெளியிட்ட வரைவுக் குறிப்பில் ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை ஆன்லைனில் நடத்தலாம் என்று இருந்தது. ‘வரை’ என்ற வார்த்தையை நிறையப் பேர் படிக்கவில்லை, 40-ஐ இலக்காக வைத்துக்கொண்டார்கள். அதே 2021-ல் அரசின் ஸ்வயம் தளத்து இணையப் பாடங்களுக்கு வந்த விதியிலும் ஒரு 40 உண்டு. அது வேறு சங்கதி: ஒரு செமஸ்டரில் எடுக்கும் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து கிரெடிட்டை மாற்றிக்கொள்ளலாம், முன்பு அது 20. இந்த இரண்டு 40-ஐயும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிய சர்க்குலர் என் மேசைக்கே வந்திருக்கிறது. பிள்ளைகளை ஒரு என்.பி.டி.இ.எல். இணையக் கோர்ஸில் பதியச் சொல்லிவிட்டு நாம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் கலப்புக் கற்றல் ஆகாதுங்க. அந்தக் கோர்ஸிலிருந்து நல்லதாகப் பத்து நிமிஷத்தை வெட்டி எடுத்து, அதை வைத்து நம் வகுப்பில் ஒரு வேலை செய்தால் ஆகும்.

இனி வீடியோ. 2020 கொரோனா அடைப்பில் வீட்டு மொட்டைமாடி ரூமில் போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றும் 50 நிமிஷமாக 22 வீடியோ எடுத்தேன். வேர்த்து ஊற்ற ஊற்ற எடுத்தது. பக்கத்துக் காட்டில் மயில் கத்தினால் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து. அடுத்த வருஷம் நேரில் வந்த பிள்ளைகளிடம் கேட்டால், முதல் வீடியோவை முக்கால்வாசிப் பேர் திறந்திருக்கிறார்கள், ஐந்தாவதை யாரும் தொடவில்லை. பிறகுதான் படித்தேன்: இணையப் பாடம் நடத்துகிற எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை வைத்து 2014-ல் ஓர் ஆய்வு வந்திருந்தது. வீடியோ எத்தனை நீளம் என்றாலும் பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பது நடுவாந்திரமாக 6 நிமிஷத்தைத் தாண்டவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பாடத்துக்கே அந்தக் கதியென்றால் என் மயில் வீடியோவுக்கு என்ன நடந்திருக்கும்.

இப்போது நான் வீடியோவே எடுப்பதில்லை. ஆறு நிமிஷ ஆடியோ, ஒரு பக்க நோட்ஸ், மூன்று கேள்வி. நோட்ஸ் 1 எம்.பி.க்குள். எல்லாம் வாட்ஸப்பில் போகும். பேசுவது தமிழில்தான், பரீட்சைக்கு வேண்டிய ஆங்கிலச் சொல்லை மட்டும் இரண்டு தடவை நிறுத்திச் சொல்வேன். அந்தியூரிலிருந்து ஈரோட்டுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிற பிள்ளையால் வீடியோ பார்க்க முடியாது, காதில் மாட்டிக்கொண்டு கேட்க முடியும். தோட்டத்தில் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போட்டுக்கொண்டே கேட்டேன் என்று ஒரு பெண் சொன்னது. வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அண்ணன் வேலை முடிந்து வந்தால்தான் கைக்கு வரும் என்கிற பிள்ளைகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். பெண்பிள்ளைகளில் இன்னும் அதிகம். அதனால் விடை அனுப்ப ஒரு ராத்திரி மட்டும் கெடு வைக்காதீங்க, இரண்டு ராத்திரியாவது வேண்டும்.

மலைப் பிள்ளைகள் விஷயம். 2021-ல் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜி.பி. என்று அரசு டேட்டா கார்டு கொடுத்தது. கீழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது பேருதவி. பர்கூர், கடம்பூர், தாளவாடி மலையில் டவர் எட்டாத ஊர்களுக்கு அதனால் என்ன ஆகும்? நான் கண்ட வழி ஒன்றுதான்: ஆன்லைனுக்கு விட்ட ஹவரை டைம் டேபிளிலிருந்து எடுக்காதீங்க. அது அங்கேயே இருக்கட்டும், கம்ப்யூட்டர் லேப் அந்த நேரத்தில் இந்த வகுப்புக்குத் திறந்திருக்கட்டும். வீட்டில் நெட் இருப்பவர்கள் வீட்டில் செய்யலாம். இல்லாதவர்கள் லேபில் உட்கார்ந்து அந்த நேரத்திலேயே முடித்துவிட்டுப் போகலாம். இன்னொன்று, லேபுக்கு வருவதை வசதியில்லாதவர்களுக்கான ஏற்பாடு என்று வாய் தவறியும் வகுப்பில் சொல்லிவிடாதீங்க, அடுத்த வாரமே ஒருத்தரும் வர மாட்டார்கள். “லேப்ல ஏ.சி. இருக்குது, வேணுங்கறவங்க வாங்க” என்று நான் சொல்வது. கூட்டம் தாங்காது.

வகுப்பறை நேரத்தை எடைபோட்டுப் பார்ப்பது நம் ஊருக்கு ஒன்றும் புதுசில்லை. ஜி.டி. நாயுடு 1945-ல் கோவையில் அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி தொடங்கிவிட்டு, இந்தப் படிப்புக்கு நான்கு வருஷம் எதற்கு, குறைத்துவிடலாம் என்று அரசோடு முட்டிக்கொண்டு விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி. பி.எஸ்.ஜி. டெக்கில் சாண்ட்விச் பி.இ. என்று 5 வருஷப் படிப்பு வைத்தார்கள், வகுப்பும் பட்டறையும் மாறி மாறி. எதை நாற்காலியில் உட்கார்ந்து கற்பது, எதைக் கை வைத்துக் கற்பது என்ற அதே கேள்விதான் இப்போது ஆன்லைன் என்ற சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

இப்போது கூட்டு ஹவருக்குள் போவோம், நான் சொல்ல வந்ததே இதைத்தான். 2022-ல், அதே பொருளாதார மேடத்தோடு, அதே சுற்றுச்சூழல் பேப்பர். இந்தத் தடவை நாங்களே கேட்டு வாங்கியது. வகுப்பில் 63 பேர். அந்த வாரத்துத் தலைப்பு திருப்பூர் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆறு. திங்கட்கிழமை ஆடியோ போனது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு எதற்கு என்பது என் பங்கு: அடர்ந்த நிறமென்றால் ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு 50 கிராமுக்கு மேல் உப்புப் போட வேண்டும், அது சாயத்தைத் துணி பக்கம் தள்ளிவிடும், ஆனால் துணியில் தங்காது, முச்சூடும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். ஒரு பனியனின் விலையில் எதெதற்கான காசு இருக்கிறது, எதற்கானது இல்லை என்பது மேடத்தின் பங்கு. மூன்று கேள்வியில் ஒன்று: கழிவுநீரிலிருந்து நிறத்தை எடுத்துவிட்டால் தண்ணீர் சுத்தமாகிவிடுமா? புதன் ராத்திரிக்குள் 51 பேர் விடை அனுப்பியிருந்தார்கள். 38 பேர் ‘ஆகிவிடும்’.

வியாழக்கிழமை ஹவரை அந்த 38 பேரை வைத்தே தொடங்கினோம். மேசையில் மூன்று பாட்டில் வைத்தேன். ஒன்று கேன் தண்ணீர், ஒன்று கல்லூரிக் குழாய்த் தண்ணீர், ஒன்று ஒரத்துப்பாளையம் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண் தன் வீட்டு போரிலிருந்து பிடித்து வந்தது. மூன்றும் கண்ணுக்கு ஒரே மாதிரி, பளிங்கு. ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு வகை கரைந்திருக்கிறது என்று காட்டுகிற, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டி.டி.எஸ். மீட்டரை அந்தப் பெண்ணிடமே கொடுத்தேன். கேன் தண்ணீரில் விட்டது, 38. குழாய், 310. வீட்டுத் தண்ணீரில் விட்டுவிட்டு ஒரு கணம் பேசாமல் நின்றது. பிறகு மெதுவாக வாசித்தது: “ரெண்டாயிரத்து நானூத்தி அறுபதுங்க சார்.” குடிநீருக்கான இந்தியத் தரத்தில் 500 வரை சரி, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். நிறம் போனால் சுத்தம் என்று எழுதிய 38 பேருக்கும் நான் விளக்க வேண்டிய வேலை அதோடு முடிந்தது.

பிறகு மேடம் எழுந்தார். நொய்யலின் குறுக்கே 1992-ல் பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையான கதையைச் சுருக்கமாகச் சொன்னார். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதைச் சொன்னார். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்து, “எங்கப்பா பட்டறையில ஃபோர்மேனுங்க மேடம். மூடினப்போ மாசக் கணக்கா வீட்லயே உக்காந்திருந்தாரு. அப்ப யாரும் மீட்டர் வெச்சுப் பாக்கலீங்களே” என்றான். போர் தண்ணீர் கொண்டுவந்த பெண் திரும்பி அவனைப் பார்த்தது. வகுப்பு ரெண்டாகப் பிரியப் போகிறது என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. சமாதானமாக ஏதாவது சொல்லிவைப்போம் என்று, “இப்பத்தான் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத முறை வந்தாச்சே, ஆர்.ஓ. வெச்சு, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக்கிடறாங்க, பிரச்சனை தீர்ந்தது” என்றேன்.

“சார் சொல்றது பாதிதான்” என்றார் மேடம். 63 பேர் முன்னால். காய்ச்ச விறகும் கரண்டும் யார் காசு, சின்னப் பட்டறைக்காரர் அதைத் தாங்குவாரா, மிஞ்சுகிற கலப்பு உப்பை எங்கே கொட்டி வைப்பது, தண்ணீர்ப் பிரச்சனை மண் பிரச்சனையாக மாறியதா தீர்ந்ததா என்று அடுக்கினார். வீட்டில் பெரியவர்கள் வாக்குவாதம் செய்தால் பிள்ளைகள் எப்படி அமைதியாவார்களோ அப்படி ஓர் அமைதி. நான் போர்டில் ஆவியாக்கியின் படம் போட்டு, அந்த ஆவியை மறுபடி எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டி, செலவு நீங்கள் சொல்கிற அளவுக்கு இருக்காது என்று வாதாடினேன். உப்பு விஷயத்தில் அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டேன். மணி அடித்த பிறகும் பத்துப் பேர் மேசையைச் சுற்றி நின்றார்கள், ஃபோர்மேன் மகனும் அந்தப் பெண்ணும் உட்பட. ஒரு வாத்தியார் தான் சொன்னதை மாற்றிக்கொள்வதைப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதல் முறை பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். தனி ஹவரில் இதைச் செய்துகாட்ட எந்த வழியும் கிடையாது.

தற்செயலாக நடந்தது போலத் தெரியும். பாதி தற்செயல்தான். ஆனால் எந்தக் கேள்வியில் தொடங்குவது, எந்த இடத்தில் அவர் எழுவது, எதில் நாங்கள் உண்மையாகவே ஒத்துப்போக மாட்டோம் என்பதெல்லாம் புதன் மதியம் கேன்டீனில் அரை மணி நேரம் பேசி வைத்தது. அந்த அரை மணி நேரம் எந்த ஒர்க்லோடிலும் வராது. விடைகளைப் படித்துப் பார்க்கிற ஒரு மணி நேரமும் வராது. இதை மறைத்துச் சொன்னால் நான் உங்களை ஏமாற்றியதாக ஆகும். ஆன்லைன் என்றால் ஆசிரியருக்கு வேலை குறையும் என்று யாராவது சொன்னால், அவர் செய்து பார்த்தவர் இல்லை. பிரிட்டனில் 1969-ல் தொடங்கிய ஓப்பன் யுனிவர்சிட்டியில் ஒரு பாடத்தை ஒரு குழுவே உட்கார்ந்து எழுதும், ஒருவர் எழுதியதை மற்றவர்கள் அடித்துத் திருத்துவார்கள். அங்கே அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டு. உங்கள் கூட்டாளி ஹவர் கணக்கில் சம்பளம் வாங்குகிற கௌரவ விரிவுரையாளராக இருந்திருந்தால், அந்த அரை மணியையும் சம்பளத்தில் சேருங்கள் என்று முதலிலேயே கேட்கச் சொல்லியிருப்பேன்.

கூட்டு ஹவர் முடிந்து வெளியே வரும்போது ஒரு பையன் கேட்டான்: “சார், செமஸ்டர்ல யாரு சொன்னதை எழுதறதுங்க?” சிரிக்காதீங்க, நியாயமான கேள்வி. வெளியூரில் உட்கார்ந்து பேப்பர் திருத்துகிறவருக்கு எங்கள் வாக்குவாதம் தெரியாது. இன்டர்னலுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து கேள்வி எழுதி, எதற்கு எத்தனை மார்க் என்பதையும் முன்கூட்டியே கொடுத்துவிடுவோம்: ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் 10-க்கு 6, மறுபக்கத்தையும் எழுதித் தன் முடிவைச் சொன்னால் 10. இன்டர்னல் 25-ல் வாராந்திர மூன்று கேள்விக்கு 5 மார்க். சரியாக எழுதினால் அல்ல, எழுதி அனுப்பினாலே மார்க், இல்லையென்றால் ஒருவனைப் பார்த்து ஐம்பது பேர் காப்பி அடித்துவிடுவார்கள், யாருக்கு என்ன புரியவில்லை என்று நமக்குத் தெரியாமலே போகும். செமஸ்டருக்கு மட்டும் பொதுவாக ஒரு நோட்ஸ் தயார் செய்து, இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம். கொள்கைக்கு விரோதம்தான். பிள்ளைக்கு அரியர் விழுந்த பிறகு கொள்கையை வைத்து என்ன செய்வது?

இரண்டாவது மாதத்தில் இன்னொரு புகார் வரும், இப்போதே மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்க: “சார் பாடமே எடுக்கறதில்லீங்க, எங்களையே பேசச் சொல்றாரு.” பெற்றோர் வழியாகப் பிரின்சிபால் வரை போகும். ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019-ல் வந்தது. அதில் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்த்துக் கற்ற பிள்ளைகள் பரீட்சையில் அதிகம் வாங்கினார்கள், ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். கோர்வையாக லெக்சர் கேட்டவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது போல ஒரு நிறைவு, மார்க்கில் அது தெரியவில்லை. முதல் வகுப்பிலேயே இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்க. நான் சொன்ன வருஷம் புகார் குறைந்தது, சொல்ல மறந்த வருஷம் என் பெயர் நாறியது.

60, 70 பேர் வகுப்பில் எல்லாரையும் எப்படிப் பேச வைப்பது என்று கேட்பீங்க. அதே ஹார்வர்டின் எரிக் மசூர் 1991-லிருந்து செய்கிற வழி எனக்குக் கைகொடுத்தது: ஒரு கேள்வி, நான்கு விடை, கை தூக்கச் சொல்வது. பதிலைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிஷம் வாதாட விட்டுவிட்டு மறுபடி கை தூக்கச் சொல்வது. இரண்டு ஆசிரியர் இருந்தால் இது இன்னும் சுலபம், ஒருவர் மேடையில், ஒருவர் பெஞ்சுகளுக்கு நடுவே காதைக் கொடுத்துக்கொண்டு. பின் பெஞ்சில் என்ன தப்பாகப் புரிந்திருக்கிறது என்று எனக்கு 20 வருஷம் கழித்துத் தெரிந்தது அப்படி நடந்தபோதுதான்.

ஆன்லைன் கலந்தால் கற்றல் கூடுகிறது என்று அமெரிக்கக் கல்வித்துறையின் 2010 தொகுப்பாய்வைக் காட்டிச் சிலர் பேசுவார்கள். கலப்பு வகுப்பு முந்தியது உண்மை. அதே அறிக்கையில் இன்னொரு விஷயமும் உண்டு, அந்த வகுப்புகளில் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தது. ஆக, உங்கள் நிர்வாகம் பெரிய சாஃப்ட்வேர் வாங்கித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லாதீங்க, ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீங்க. நான் பார்த்த ஒரு கல்லூரியில் வாங்கிய சாஃப்ட்வேரில் மூன்று வருஷம் கழித்தும் மிச்சமிருந்தது அட்டெண்டன்ஸ் மட்டும்.

இனி ஹெச்.ஓ.டி. விஷயம். பெரியவரை சபையில் மறுத்துப் பேசுவது நம் பக்கத்தில் லேசான காரியமில்லை. எனக்கும் மேடத்துக்கும் ஒரே சீனியாரிட்டி, அதனால் அவர் “பாதிதான்” என்றபோது நான் தாங்கிக்கொண்டேன். உங்கள் நிலைமை வேறு. வகுப்பில் திடீரென்று தப்பாகப் பட்டால் மறுக்காதீங்க, கேள்வியாகப் போடுங்க: “ஏனுங்க சார், பசங்களுக்கு இப்படி ஒரு சந்தேகம் வருமுங்களே?” உண்மையிலேயே தப்பென்றால் அவரே திருத்திக்கொள்ள ஒரு வாசல் கிடைக்கும். தகவல் பிழை என்றால் வகுப்பு முடிந்ததும் தனியாகச் சொல்லி, அடுத்த ஹவரில் அவரையே திருத்தச் சொல்லுங்க, நீங்கள் போய்த் திருத்த வேண்டாம். இதைவிட நல்லது, வாக்குவாதத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுவது. உங்கள் பேப்பரில் அதற்கா பஞ்சம்? ஜி.எஸ்.டி. விசைத்தறிக்காரருக்கு நல்லதா கெட்டதா என்று எடுத்துக்கொள்ளுங்க. “சார், நீங்க மில் பக்கம் பேசுங்க, நான் தறிக்காரர் பக்கம் பேசறேன்” என்று வேஷம் பிரித்துக்கொண்டால் அவருக்கு எதிராகப் பேசுவது மரியாதைக் குறைவாகவே ஆகாது. சிலருக்கு அது பிடித்தும் போய்விடும்.

ஒருவேளை அவர், “கூட்டு ஹவரெல்லாம் எதுக்குப்பா, நீ மூணு யூனிட் எடு, நான் ரெண்டு எடுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டால் சண்டை போடாதீங்க. முறைத் தண்ணீராகவே இந்த வருஷம் ஓடட்டும். ஆடியோவும் மூன்று கேள்வியும் உங்கள் மூன்று யூனிட்டுக்கு மட்டும் செய்யுங்க. தப்பான விடைகளில் சுவாரசியமானதை அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்க. என் அனுபவத்தில் பெரியவர்களை வகுப்புக்கு இழுத்து வருவது பிள்ளைகளின் தப்பான விடைதான், நம் வாதம் இல்லை.

அவர் சரி என்றுவிட்டால், முதல் சந்திப்புக்கு சிலபஸைக் கொண்டுபோக வேண்டாம். சிலபஸ் கையில் இருந்தால் உடனே யூனிட்டைப் பிரிக்கத்தான் கை வரும். போன வருஷ செமஸ்டர் கேள்வித்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்க. அதில் ஒரு 10 மார்க் கேள்விக்கு இரண்டு பேரும் தனித்தனியாக அரைப் பக்கம் விடை எழுதி, மாற்றிப் படித்துப் பாருங்க. எந்த வரியில் ஒத்துப்போகவில்லையோ அந்த வரியை அடிக்கோடு போட்டு வையுங்க. ஜூன் மாதத்து முதல் கூட்டு ஹவருக்கு அது போதும்.